இரண்டு மூட்டை, ஓர் உயிர்!

1944, செப்டம்பர் மாதம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆளுக்கொரு வெங்காயச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ரயில் பாதையோரம், வயல் வரப்பு, தரிசு நிலம் என்று அலைந்துகொண்டிருந்தார்கள். விளையாட்டுக்காக அல்ல. அரசாங்க உத்தரவு! யாரும் சீந்தாமல் கிடந்த ஒரு களைச்செடியின் காய்களைப் பறித்துச் சாக்கில் நிரப்ப வேண்டும். நிரம்பிய சாக்கை வேலிக் கம்பியில் தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். சாக்குக்கு இத்தனை காசு என்று கையில் கூலியும் உண்டு. சுவரெங்கும் போஸ்டர். அதில் இருந்த கோஷம் இதுதான்: ‘இரண்டு மூட்டை, ஓர் உயிரைக் காப்பாற்றும்!’

களைச்செடியின் காய் எப்படி உயிரைக் காப்பாற்றும்?

நமக்கெல்லாம் இலவு காத்த கிளியைத் தெரியும். அன்றைக்கு அமெரிக்கக் கடற்படையே இலவு காத்த கிளியாகத்தான் இருந்தது. நடுக்கடலில் கப்பல் மூழ்கினால் மாலுமி மிதப்பதற்கு ‘லைஃப் ஜாக்கெட்’ வேண்டுமல்லவா? அதற்குள் அடைத்திருந்தது இலவம்பஞ்சு. பெரும்பாலும் ஜாவா தீவிலிருந்து வரும். 1942-ல் ஜப்பான்காரன் ஜாவாவைப் பிடித்தான். பஞ்சு நின்றுபோனது. கப்பல்களோ தினம் தினம் மூழ்கிக்கொண்டிருந்தன.

அப்போது போரிஸ் பெர்க்மன் என்ற சிகாகோ டாக்டர், ‘பஞ்சுதானே வேண்டும்? நம் ஊர் ரோட்டோரத்திலேயே இருக்கிறதே’ என்று காட்டிய செடிதான் மில்க்வீட். தமிழில் சொன்னால், பால்களை. கிள்ளினால் பால் வரும். காய் வெடித்தால் வெள்ளை வெளேரென்று பட்டுப்போன்ற பஞ்சு பறக்கும். இந்த வர்ணனையைக் கேட்டதும் உங்களுக்கு ஒரு செடி ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆமாம், நம்ம எருக்கு! இரண்டும் ஒரே குடும்பம். சின்ன வயதில் ‘தாத்தாப்பூச்சி’ என்று காற்றில் ஊதிவிட்டு ஓடினோமே, அதேபோன்ற பஞ்சுதான். அந்த இழை ஒவ்வொன்றும் உள்ளே வெற்றிடமான குழல். மேலே மெழுகுப் பூச்சு. தண்ணீர் ஏறாது, மூழ்காது. இலவம்பஞ்சு செய்த வேலையை அப்படியே செய்தது. மிச்சிகனில் பெடாஸ்கி என்ற ஊரில் இதற்கென்றே ஒரு ஆலை போட்டார்கள். சாக்குச் சாக்காக ரயிலில் வந்து இறங்கியது.

யுத்தம் முடிந்தது. ஆலையை மூடினார்கள். உயிர் காத்த செடி மறுபடியும் களைச்செடி ஆனது. அத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் அதற்கு நடந்ததைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். அந்தச் செடியோடு ஒரு வண்ணத்துப்பூச்சியின் தலையெழுத்தும் முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது.

முதலில் பெயர். 1753-ல் தாவரங்களுக்கெல்லாம் பெயர் சூட்டிக்கொண்டிருந்த லின்னேயஸ், இந்த இனத்துக்கு ‘அஸ்க்லெபியஸ்’ என்று பெயர் வைத்தார். கிரேக்கர்களின் வைத்தியக் கடவுள் பெயர். நல்ல மரியாதைதான். ஆனால், அமெரிக்காவில் அதிகமாகக் காணப்படும் செடிக்கு ‘சிரியாக்கா’ என்று வால் ஒட்டினார். சிரியா நாட்டுச் செடியாம்! கனடா செடிகளைப் பற்றி 1635-லேயே பாரிஸில் புத்தகம் போட்ட கார்னூட்டி என்பவர், இதைச் சிரியாவில் வளரும் வேறொரு செடியோடு குழப்பிக்கொண்டார். லின்னேயஸ் அந்தக் குழப்பத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். அசல் வட அமெரிக்கச் செடி, இன்றுவரை சிரியாக்காரியாகவே பதிவேட்டில் இருக்கிறது. பெயரியல் விதிப்படி முதலில் வைத்த பெயரை மாற்ற முடியாதாம்!

இந்தச் செடியின் இலையைத் தவிர வேறெதையும் தின்னாமல் ஒரு புழு வளர்கிறது. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என்று வரிவரியாக இருக்கும். அது வளர்ந்து ஆரஞ்சு நிறச் சிறகோடு வெளியே வந்தால் அதுதான் மோனார்க். ‘மன்னர்’ வண்ணத்துப்பூச்சி. நம் ஊர் எருக்கஞ்செடிப் பக்கம் ஆரஞ்சு நிறத்தில் அலட்சியமாகப் பறக்குமே வெந்தய வரியன், அது மோனார்க்குக்குப் பங்காளி முறை.

அலட்சியம் என்று சொன்னேன் இல்லையா? அதற்குக் காரணம் உண்டு. மில்க்வீட் பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. ஆடு மாடு வாய் வைக்கத் தயங்கும். புழுவோ அந்த நஞ்சைத் தின்று, தன் உடம்பிலேயே சேமித்து வைத்துக்கொள்கிறது. பிறகு சிறகு முளைத்தாலும் நஞ்சு கூடவே வரும். ‘என்னைத் தின்றால் தெரியும் சேதி’ என்று அந்த ஆரஞ்சு நிறமே போர்டு மாட்டிச் சொல்கிறது.

சரி, இதை நிரூபிப்பது எப்படி? 1960-களில் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் லிங்கன் பிரோவர் என்ற விஞ்ஞானி ஒரு வேலை செய்தார், பாருங்கள். மில்க்வீட்டைத் தவிர வேறெதையும் தொடாத புழுக்களில், முட்டைக்கோஸ் தின்னக்கூடிய ஒரு வம்சத்தைப் பாடுபட்டு உருவாக்கினார். ஆக, இப்போது அவரிடம் இரண்டு ரகம் வண்ணத்துப்பூச்சிகள். பார்க்க அச்சு அசல் ஒரே மாதிரி. ஒன்று மில்க்வீட் தின்று வளர்ந்தது, இன்னொன்று கோஸ் தின்று வளர்ந்தது. நீல ஜே என்ற பறவைகளுக்கு இவற்றை விருந்து வைத்தார். கோஸ் ரகத்தைப் பறவைகள் ரசித்துச் சாப்பிட்டன. மில்க்வீட் ரகத்தை விழுங்கிய பறவை கொஞ்ச நேரத்தில் இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, வாயைப் பிளந்து... குபுக்! அதற்குப் பிறகு அந்தப் பறவையின் முன்னால் எந்த மோனார்க்கை நீட்டினாலும் தலையைத் திருப்பிக்கொண்டது. 1969-ல் பிரோவர் இதைப் பத்திரிகையில் எழுத, வாந்தி எடுக்கும் நீல ஜே அறிவியல் உலகில் பிரபலமாகிவிட்டது. சக்தி வண்ணத்துப்பூச்சியுடையதல்ல, அது தின்ற இலையுடையது என்பது சந்தேகமில்லாமல் ருசுவாயிற்று.

இனி கனடாவுக்குப் போவோம். அங்கேதான் இருபதாம் நூற்றாண்டின் மிக நீளமான துப்பறியும் கதை ஒன்று நடந்துகொண்டிருந்தது.

டொரண்டோவில் 1911-ல் பிறந்த ஃபிரெட் அர்கார்ட் என்ற சிறுவனுக்கு ஒரே ஒரு கேள்வி. ‘கோடையில் இத்தனை மோனார்க் பறக்கிறதே, பனிக்காலத்தில் எல்லாம் எங்கே போகின்றன?’ பையன் வளர்ந்து விலங்கியல் பேராசிரியரானான். கேள்வி மட்டும் அப்படியே இருந்தது. கல்யாணம் செய்துகொண்ட நோராவுக்கும் அந்தக் கேள்வி தொற்றிக்கொண்டது. (சில வீடுகளில் சங்கீதப் பைத்தியம் தொற்றும். அந்த வீட்டில் இது!)

அரை கிராம் எடைகூட இருக்கிறதோ இல்லையோ என்கிற ஒரு பூச்சியை எப்படிப் பின்தொடர்வது? சிறகில் லேபிள் ஒட்டலாம் என்று முடிவு செய்தார்கள். தபால் தலை மாதிரி எச்சில் தொட்டு ஒட்டும் லேபிளை முதலில் ஒட்டிப் பார்த்தார்கள். ஒரு மழை பெய்தது. அவ்வளவுதான், லேபிளெல்லாம் தரையில்! பிறகு கடைகளில் கண்ணாடிச் சாமான்கள் மேல் விலைச்சீட்டு ஒட்டுவார்களே, அந்த ரகப் பசை கைகொடுத்தது. சிறகின் முன் ஓரத்தில் துளியூண்டு இடத்தில் செதிலை நீக்கிவிட்டு, லேபிளை மடித்து ஒட்ட வேண்டும். அதில் ஒரு எண், ‘டொரண்டோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பவும்’ என்று ஒரு வரி.

இரண்டே பேர் ஒட்டினால் போதுமா? 1952-ல் நோரா ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதி, ‘யாராவது உதவிக்கு வருகிறீர்களா?’ என்று கேட்டார். பன்னிரண்டு பேர் முன்வந்தார்கள். பன்னிரண்டு நூறாகி, நூறு ஆயிரமாகியது. வாத்தியார்கள், விவசாயிகள், இல்லத்தரசிகள், பள்ளிப் பிள்ளைகள்... ஒட்டப்பட்ட பூச்சிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைக்க, அர்கார்ட் வரைபடத்தில் கோடு போட்டார். வடகிழக்கிலிருந்து தென்மேற்காக எல்லாக் கோடும் டெக்ஸாஸ் பக்கம் போய், மெக்ஸிகோ எல்லையில் மறைந்தன.

1972-ல் நோரா மெக்ஸிகோ பத்திரிகைகளுக்கு எழுதினார். அடுத்த வருடம் பிப்ரவரியில் மெக்ஸிகோ சிட்டியிலிருந்து பதில் வந்தது. எழுதியவர் கென் பிரக்கர், அமெரிக்கர். ‘என்னிடம் ஊர் சுற்றும் வேன் இருக்கிறது, தேடித் தருகிறேன்’ என்றார். மோனார்க்கின் ஆரஞ்சு நிறத்தைத் தேடப் புறப்பட்ட அந்த மனிதருக்கு நிறக்குருடு! நல்ல வேளையாகக் கூடவே கண்ணும் அறிவுமாக ஒரு பெண் வந்தார். மிச்சோவாகன் மாநிலத்திலேயே பிறந்த கத்தலினா அகுவாடோ. 1974-ல் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். மலை மலையாக ஏறினார்கள்.

1975 ஜனவரி 9, மாலை. டொரண்டோவில் அர்கார்ட் வீட்டு டெலிபோன் அடித்தது. மறுமுனையில் கென். கண்டுபிடித்துவிட்டார்கள்!

சுமார் பத்தாயிரம் அடி உயரத்தில், ஓயமெல் எனப்படும் தேவதாரு போன்ற மரங்கள். அவற்றில் இலை தெரியவில்லை, பட்டை தெரியவில்லை. எங்கும் சிறகு. லட்சக்கணக்கில் அல்ல, கோடிக்கணக்கில். அடுத்த ஆண்டு ஜனவரியில் 64 வயது அர்கார்ட் மூச்சு வாங்க வாங்க அந்த மலையில் ஏறி, சிறுவயதில் கேட்ட கேள்விக்கு நேருக்கு நேர் பதிலைப் பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பூச்சிகளின் கனம் தாங்காமல் ஒரு கிளை முறிந்து விழுந்தது. விழுந்த குவியலைக் கிளறினால், அதில் ஒன்றின் சிறகில் வெள்ளை லேபிள்! அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு பள்ளி ஆசிரியரும் இரண்டு மாணவர்களும் ஐந்து மாதங்களுக்கு முன் ஒட்டியது. சினிமாவில் வைத்திருந்தால் ‘சும்மா விடுறான்’ என்று சொல்லியிருப்போம்.

இதில் ஆச்சரியம் இன்னும் இருக்கிறது. கோடையில் பிறக்கும் மோனார்க்கின் ஆயுள் இரண்டிலிருந்து ஆறு வாரம்தான். ஆனால், கோடை முடிவில் பிறக்கும் ஒரு தலைமுறை மட்டும் எட்டு மாதம் வரை வாழ்கிறது. நாலாயிரம் கிலோமீட்டர் வரை பறந்து மெக்ஸிகோ வந்து குளிரைக் கழித்துவிட்டு, வசந்தத்தில் வடக்கே கிளம்பி, வழியில் மில்க்வீட்டில் முட்டையிட்டுச் சாகிறது. பிள்ளைகள் இன்னும் வடக்கே. பேரன்கள் அதற்கும் வடக்கே. மறுபடி தெற்கே வருவது கொள்ளுப்பேரனோ எள்ளுப்பேரனோ. மூதாதையர் தங்கிய அதே மலைக்கு, யாரும் வழி சொல்லாமல்!

1976 ஆகஸ்ட் மாத நேஷனல் ஜியாகிரஃபிக் இதழின் அட்டையில் உடம்பெல்லாம் வண்ணத்துப்பூச்சிகளோடு கத்தலினா சிரித்தார். கட்டுரை எழுதியவர் அர்கார்ட். ஆனால், மலை எங்கே இருக்கிறது என்று மட்டும் சரியாகச் சொல்லவில்லை. வெளியே தெரிந்தால் கூட்டம் கூடி நாசமாக்கிவிடும் என்று பயம். ‘வாந்தி’ பிரோவர் கேட்டுப் பார்த்தார். ம்ஹூம்! கட்டுரையிலிருந்த துப்புகளை வைத்தே பிரோவரின் சகா ஒருவர் சில மாதங்களில் மலையைக் கண்டுபிடித்துவிட்டார். இரண்டு பெரிய மனிதர்களுக்கும் அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க ஆகவில்லை.

‘கண்டுபிடித்தார்கள், கண்டுபிடித்தார்கள்’ என்று எழுதுகிறோமே, அதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. அந்த மலையடிவாரத்து ஜனங்களுக்கு இது காலங்காலமாகத் தெரிந்த விஷயம். நவம்பர் முதல் வாரத்தில், இறந்தவர்களுக்குப் படையல் போடும் திருநாளை ஒட்டித்தான் பூச்சிகள் மலைக்கு வந்து சேரும். நம் மஹாளய அமாவாசையில் காக்கையைப் பார்ப்பதுபோல, முன்னோர்களின் ஆவிகள் என்று அவற்றை வரவேற்பார்கள். அவை கனடாவிலிருந்து வருகின்றன என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. மெக்ஸிகோ போகின்றன என்பது கனடாக்காரர்களுக்குத் தெரியாததுபோல!

மலை கிடைத்தது. 1986-ல் மெக்ஸிகோ அரசு அதைப் பாதுகாப்பு வளையத்துக்குள் கொண்டுவந்தது. 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்றது. பூச்சி பிழைத்தது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில்தான் அடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. மலையில் அல்ல, இரண்டு மூன்றாயிரம் கிலோமீட்டர் தள்ளி, ஐயோவா பக்கத்துச் சோள வயல்களில்.

மில்க்வீட் என்பது வயலோடு ஒட்டி வாழ்ந்த செடி. உழுதாலும் வேர் பிழைத்து, பயிருக்கு நடுவே நாலு, வரப்பில் பத்து என்று நின்றுகொண்டிருக்கும். 1996-ல், களைக்கொல்லி அடித்தாலும் சாகாத மரபணு மாற்றப்பட்ட சோயா விதை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பின்னாலேயே சோளம். விவசாயிக்குச் சந்தோஷம். கிளைஃபோசேட் மருந்தை வயல் முழுக்க அடித்துவிடலாம், பயிர் தவிர மற்றதெல்லாம் செத்துப்போகும். செத்தது. 1999-க்கும் 2010-க்கும் இடையே அமெரிக்க மத்திய மேற்குப் பகுதியில் மில்க்வீட் 58 சதவிகிதம் குறைந்தது என்று 2012-ல் ஒரு ஆய்வு கணக்குப் போட்டது. மெக்ஸிகோவில் பூச்சிகளை எண்ண முடியாது என்பதால், எத்தனை ஹெக்டேர் மரத்தை மூடியிருக்கின்றன என்று அளப்பார்கள். 1996-97 குளிர்காலத்தில் 18 ஹெக்டேர். 2013-14-ல் எவ்வளவு தெரியுமா? 0.67. ஒரு ஹெக்டேர்கூட இல்லை. பிறகு ஏறி இறங்கி, 2023-24-ல் 0.90, அடுத்த ஆண்டு 1.79. களைக்கொல்லி மட்டுமா காரணம், வறட்சி, வெப்பம், மரம் வெட்டு எல்லாம் சேர்ந்தா என்று நிபுணர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஆனால், தின்ன இலை இல்லாமல் புழு வளராது என்பதில் என்ன சண்டை வேண்டிக்கிடக்கிறது?

மலையிலும் நிம்மதி இல்லை. ஒமேரோ கோமெஸ் கொன்ஸாலெஸ் என்று ஒருவர். ஒரு காலத்தில் மரம் வெட்டியவர், பிறகு மனம் மாறி எல் ரொசாரியோ சரணாலயத்தின் காவலரானார். 2020 ஜனவரி 13 அன்று காணாமல் போனார். பதினாறு நாள் கழித்து ஒரு கிணற்றில் சடலமாகக் கிடைத்தார். தலையில் காயம். சில நாட்களிலேயே அந்தப் பகுதியில் வழிகாட்டியாக வேலை பார்த்த இன்னொருவரும் பிணமாகக் கிடந்தார். வண்ணத்துப்பூச்சிக்காக உயிர் போகுமா என்று கேட்டால், மரத்தின் விலை தெரியாதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள்.

இந்தச் சூழலில்தான் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒரு பழக்கம் பரவியது. மோனார்க் வளர்ப்பு! இலையின் அடிப்பக்கம் குண்டூசித் தலை அளவு முட்டை. எடுத்து வந்து வலைப்பெட்டியில் வைக்க வேண்டும். நாலு நாளில் பொரியும். பொடிப் புழு முதலில் இலையில் வட்டமாக ஒரு பள்ளம் கடிக்கும். பால் அங்கேயே வடிந்துவிடும். பிறகு நடுவில் இருப்பதைத் தின்னும். அப்படிச் செய்யாமல் அவசரப்பட்ட புழு பாலில் ஒட்டிக்கொண்டு சாகும். இரண்டு வாரம் தீனி, தீனி, தீனி! ஐந்து தடவை சட்டை உரித்து, ஆரம்பத்தில் இருந்ததைப்போல் இரண்டாயிரம் மடங்கு எடை. பிறகு தலைகீழாகத் தொங்கிக் கூட்டுப்புழு. இளம் பச்சையில் பொன் பொட்டு வைத்தாற்போல, நகைக்கடைக்காரன் பார்த்தால் பொறாமைப்படுவான். 2009 நவம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே புழுக்களை அனுப்பி வளர்த்தார்கள். அதே சமயம் கீழே பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளும் வளர்த்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

வெளியில் நூறு முட்டையில் ஒரு சில பிழைப்பதே அபூர்வம். எறும்பு, சிலந்தி, குளவி எல்லாம் காத்திருக்கும். வீட்டில் தொண்ணூறு பிழைக்கும். அப்படியானால் நல்லதுதானே?

அங்கேதான் சிக்கல். 2019-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தார் ஒரு குண்டைப் போட்டார்கள். பண்ணையில் விலைக்கு வாங்கிய மோனார்க்குகளுக்குத் தெற்குத் திசை தெரியவில்லை! காட்டுப் பூச்சியின் வாரிசையே வீட்டுக்குள் வைத்து வளர்த்தாலும் அதே கதை. வளர்ப்பவர்கள் நொந்துபோனார்கள். 2021-ல் கனடா விஞ்ஞானிகள், வளர்த்த பூச்சிகள் மேல் குட்டி ரேடியோ கருவியை ஒட்டி வெளியே விட்டுப் பார்த்தார்கள். வெயிலும் வானமும் கண்ணில் பட்டதும் பெரும்பாலானவை தெற்கே திரும்பிவிட்டன. கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால், இன்னொரு பயம் தீரவில்லை. ஒரே பெட்டியில் நூறு, இருநூறு என்று அடைத்து வளர்த்தால் ஓ.ஈ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒட்டுண்ணி பரவி, சிறகு சுருண்ட பூச்சிகள் பிறக்கும். அவற்றை வெளியே விட்டால் ஊருக்கே தொற்று. பிரியம் அதிகமாகி வந்த வினை! கலிஃபோர்னியாவில் அனுமதி இல்லாமல் வளர்க்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அங்கே நிலைமை அப்படி. கடலோரத் தோப்புகளில் குளிர் கழிக்கும் மேற்குக் கரை மோனார்க்குகளை 2020-ல் எண்ணினார்கள். மொத்தமே 1,914. மறு ஆண்டு இரண்டரை லட்சத்தை நெருங்கிற்று. 2024-ல் மறுபடி 9,119-க்குச் சரிந்தது. அந்த டிசம்பரில்தான் அமெரிக்க அரசு, ‘அபாயத்தில் உள்ள இனம்’ என்று அறிவிக்கலாமா என்ற யோசனையை முன்வைத்தது.

என்னைக் கேட்டால், குழந்தைகள் பார்ப்பதற்காக நாலைந்து புழுவை வராந்தாவில் வைத்து வளர்ப்பதில் தப்பே இல்லை. புழு தொங்குவதை ஒரு முறை பார்த்த பிள்ளை, பிறகு மில்க்வீட்டைப் பிடுங்காது. ஆனால், எண்ணிக்கையைப் பெருக்குவது பெட்டியால் ஆகிற காரியமில்லை. செடியை நடவேண்டும். அதிலும் அந்தந்த ஊரின் செடியாக இருக்க வேண்டும். பூ அழகாக இருக்கிறதே என்று ஃப்ளோரிடாவிலும் கலிஃபோர்னியாவிலும் வெப்பமண்டல மில்க்வீட்டை நட்டார்கள். அது குளிரிலும் பட்டுப்போகாது. பூச்சி, ‘மெக்ஸிகோ எதற்கு, இங்கேயே சாப்பாடு இருக்கிறதே’ என்று தங்கிவிடும். ஒட்டுண்ணியும் இலையிலேயே தங்கும். கன்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் சிப் டெய்லர் 1992-ல் தொடங்கிய மோனார்க் வாட்ச் அமைப்பு, 2005-லிருந்து வீட்டுத் தோட்டம், பள்ளிக்கூட மைதானம் என்று கிடைத்த இடத்திலெல்லாம் மில்க்வீட் நடவைத்துக்கொண்டிருக்கிறது. அர்கார்ட் தம்பதியின் லேபிள் ஒட்டும் வேலையையும் அவர்கள்தான் தொடர்கிறார்கள்.

அர்கார்ட் 2002-ல் காலமானார். நோரா 2009-ல். இருவரும் வாழ்நாள் முழுக்க மோனார்க்கைத் துரத்திய டொரண்டோ நகரம் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில், அவர்கள் உயிரோடு இருந்த காலத்தில், மில்க்வீட் சட்டப்படி ‘தீங்கான களை’. விவசாயத்துக்கு இடைஞ்சலாக இருந்தால் நிலத்துக்காரர் அழித்தே ஆகவேண்டும். அந்தப் பட்டியலிலிருந்து அதன் பெயரை அடித்தது 2014-ல்தான்.